முகவரி இழந்த வில்லைகள்

அத்திப்பட்டு ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு காயலான் கடையில், எடை போடுவதற்காகக் குவித்திருந்த பித்தளைத் துண்டுகளுக்கு நடுவே அந்த வில்லையைப் பார்த்தேன். பழைய ஐம்பது பைசாவைவிடக் கொஞ்சம் பெரியது. விளிம்பை ஒட்டி ஒரு துளை. முன்பக்கத்தில் ஆங்கில எழுத்து 'சி', அதன் கீழே 147. பின்பக்கம் வெறுமை. குழாய் வால்வுகளும் மின்கம்பி இணைப்பான்களும் கலந்து கிடந்த அந்தக் குவியலில் அது ஒன்று மட்டும்தான் யாரோ ஒரு மனிதனுக்காகச் செய்யப்பட்ட பொருளாகத் தெரிந்தது. விலை கேட்டேன். "எடுத்துக்கங்க சார், இது என்னா எடை வந்துடப் போவுது" என்றார் கடைக்காரர்.

எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டதற்கு அவர் கையை வடக்கே வீசிக் காட்டினார். வடக்கே என்றால் மீஞ்சூராக இருக்கலாம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டாக இருக்கலாம், ஆந்திர எல்லைக்கு அப்பாலும் இருக்கலாம். தெற்கே எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மூடிய ஆலைகளின் சரக்குகூடச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்வதுண்டு. ஒரு பொருள் பிறந்த இடத்தைச் சொல்ல வேண்டிய முதல் சாட்சி அந்தக் கைவீச்சோடு முடிந்துவிட்டது. டோக்கன் சேகரிப்பின் மையச் சிக்கல் இதுதான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

நாணயத்தை அடையாளம் காண்பது ஒப்பளவில் எளிது. அதற்குப் பின்னால் ஓர் அரசு இருக்கிறது. அரசனின் பெயர், சின்னம், ஆண்டு, அச்சகக் குறி என்று ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். எழுத்து தேய்ந்த சங்ககாலச் செம்பு நாணயத்துக்குக்கூட மீன் சின்னம் ஒரு வாசலைத் திறந்துவிடும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் பெருவழுதி நாணயத்தின் பிராமி எழுத்துகளைப் படித்தபோது, அந்தப் பெயரை வைத்துப் பார்க்கச் சங்க இலக்கியம் கையில் இருந்தது. டோக்கனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு கடையோ ஆலையோ தோட்டமோ சத்திரமோ சாராயக்கடையோ தன் சொந்தக் காரியத்துக்காக அடித்துக்கொண்ட வில்லை அது. அதைப் பார்க்கும் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டதால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டிருப்பார்கள். சுற்றி இருந்தவர்கள் போனபின் வில்லை ஊமையாகிவிடும்.

இந்த ஊமை வில்லைகளைப் பேசவைக்கும் கலையை உலகில் மிக விரிவாக வளர்த்தவர்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள். அதற்கு அவர்களுடைய வரலாறே காரணம். 1837-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் வங்கிகள் தாள் பணத்துக்குப் பதிலாக உலோகப் பணம் தருவதை நிறுத்தின. சில்லறை பதுங்கியது. அந்த இடத்தை நிரப்ப, அரசின் செம்புச் சென்ட் அளவிலேயே தனியார் வில்லைகள் வந்தன. 1833 முதல் 1843 வரையான இந்த வகையைப் 'பஞ்சகால டோக்கன்கள்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அவற்றில் ஒரு வகையில் உள்ள தந்திரம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பின்பக்கத்தில் 'ஒரு சென்ட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும், அதன் மேலே 'இல்லை' என்ற சொல் இருக்கும். கப்பம் கட்ட ஒரு சென்ட்கூட இல்லை என்ற பழைய அரசியல் முழக்கத்தின் துண்டு அது. வாங்குபவர் கண்ணுக்கு அது சென்ட்; வழக்கு வந்தால் சென்ட் இல்லை என்று வில்லையே வாக்குமூலம் தந்துவிடும்.

உள்நாட்டுப் போரின்போது மறுபடியும் அதே கதை. 1862-இல் சில்லறை மறைந்ததும் மக்கள் தபால்தலைகளைக் காசாகக் கொடுத்து வாங்கினார்கள். அவை வியர்வையில் ஒட்டிக்கொண்டன. வணிகர்கள் செம்பு வில்லைகளை அடித்தார்கள். லிண்டன்முல்லர் என்ற நியூயார்க் மதுக்கடைக்காரர் மட்டும் 1863-இல் பத்து லட்சத்துக்கு மேல் வெளியிட்டார். நகரின் டிராம் கம்பெனி ஒன்று பயணிகளிடமிருந்து சேர்ந்துபோன அவருடைய வில்லைகளை எடுத்துச் சென்று பணம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1864 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் தனியார் சென்ட்களைத் தடை செய்தது.

காசாகப் புழங்கும் வேலை நின்றதே தவிர டோக்கன் நிற்கவில்லை. ஒரு குவளை பீருக்கு, ஒரு ரொட்டிக்கு, ஒரு முறை முகம் மழிக்க என்று எழுதிய வில்லைகள் 20-ஆம் நூற்றாண்டிலும் லட்சக்கணக்கில் வந்தன. மேற்கு வர்ஜீனியா போன்ற நிலக்கரிப் பகுதிகளில் சுரங்கக் கம்பெனிகள் கூலியின் ஒரு பகுதியை, தங்கள் கடையில் மட்டுமே செல்லும் வில்லைகளாகக் கொடுத்தன. இவற்றில் பலவற்றில் கடைக்காரரின் பெயரும் பொருளின் மதிப்பும் இருக்கும், ஊர் இருக்காது. ஊரில்லாத டோக்கனுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'மேவரிக்'. தன் கன்றுகளுக்குச் சூடு போடாமல் விட்ட டெக்சாஸ் நிலக்கிழார் ஒருவரின் பெயரிலிருந்து வந்த சொல். சூட்டுக்குறி இல்லாத கன்று யாருடைய தொழுவத்தைச் சேர்ந்தது?

அதைக் கண்டுபிடிக்க அவர்கள் போகும் வழி நமக்குப் பாடமாக இருக்கக் கூடியது. முதலில் வில்லையைச் செய்தவரைத் தேடுகிறார்கள். விளிம்போரம் பொடி எழுத்தில் அச்சு வெட்டியவரின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பட்டறை எந்த ஆண்டுகளில் எந்தப் பெயரில், எந்தத் தெருவில் நடந்தது என்று தெரியும். வில்லையின் வயது அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். பிரன்ஸ்விக் என்ற பில்லியர்ட்ஸ் மேசைக் கம்பெனி, தன் மேசைகளை வாங்கிய மதுக்கடைகளுக்கு டோக்கன்களும் செய்து கொடுத்தது. எனவே அதன் பெயர் தாங்கிய வில்லை ஒரு மதுக்கடையையோ பில்லியர்ட்ஸ் கூடத்தையோ நோக்கிக் கை காட்டும். பிறகு நகரக் கையேடுகள்: ஆண்டுதோறும் அச்சான, வீட்டுக்காரர் பெயரும் தொழிலும் முகவரியும் கொண்ட பட்டியல்கள். பிறகு மக்கள்தொகைக் கணக்கேட்டின் பக்கங்கள், காப்பீட்டுக் கம்பெனிகளின் தெரு வரைபடங்கள், உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரங்கள். ஒரு மேவரிக்குக்கு ஊர் கிடைத்த நாளில் அதன் விலை பல மடங்கு ஏறுவதும் உண்டு. எனக்கு அந்த விலை பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கடைக்காரர் இருந்தார் என்ற செய்தி நூறு ஆண்டுக்குப் பின் மறுபடி ஒரு தெருவோடு சேர்கிறதே, அது பெரிது.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 1889-இல் உலோக டோக்கன் சட்டம் வந்தது. பணமாகப் பயன்படுத்தும் நோக்கில் தனியார் யாரும் உலோகத் துண்டுகளைச் செய்யவோ வெளியிடவோ கூடாது என்றது. 2011-இல் புதிய நாணயச் சட்டம் வந்து அதைத் தன்னுள் எடுத்துக்கொள்ளும் வரை அது நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. இதன் விளைவு நம் வில்லைகளின் முகத்திலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்க டோக்கனைப் போல மதிப்பைப் பறைசாற்றும் வில்லைகள் இங்கே குறைவு. நம்முடையவை பெரும்பாலும் எண் மட்டும் தாங்கியவை: கேன்டீன் டோக்கன், வருகைப் பதிவு வில்லை, கருவி அறை வில்லை, சைக்கிள் நிறுத்த வில்லை. பணம் என்று சொல்லிக்கொள்ள முடியாதவை, ஆகவே பேச்சும் குறைந்தவை.

ரயில்வே இதில் ஒரு விதிவிலக்கு. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க, நீல் என்பவர் வடிவமைத்த கருவியிலிருந்து ஓர் உருண்டை வெளிவரும். அந்த டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்த முடியாது. மீட்டர் கேஜ் நாட்களில் நிலைய நடைமேடையில் பிரம்பு வளையத்தை நீட்டிக்கொண்டு நின்ற ஊழியரைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்த உருண்டையில் இரு முனை நிலையங்களின் பெயரும் பொறித்திருக்கும். ஓர் உயிர் அதைச் சார்ந்திருந்ததால் முகவரி கட்டாயமாயிற்று.

தமிழருக்கு மிக நெருக்கமான டோக்கன் வரலாறு பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 1830-களிலிருந்து இலங்கை மலைநாட்டில் காப்பி பரவியது. காடு வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் கணக்கில் வரவில்லை. மலையில் பறித்துப் பதப்படுத்திய காப்பி வண்டிகளில் கொழும்புக்கு இறங்கி, அங்குள்ள ஆலைகளில் தோல் நீக்கப்பட்டு, பெண்களின் கையால் தரம் பிரிக்கப்பட்டு, கப்பலேறியது. இந்த ஆலைகளும் கண்டி, கொழும்புக் கம்பெனிகளும் செய்த வேலைக்கு அத்தாட்சியாகச் செம்பு, பித்தளை வில்லைகளைக் கொடுத்தன. கூலி போடும் நாளில் அவற்றைக் கொடுத்துக் காசு வாங்க வேண்டும். சில்லறை அரிதாக இருந்ததால் அதற்குள் அவை கடைவீதியில் கைமாறவும் செய்தன.

ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வில்லை இவற்றில் பெயர் பெற்றது. 1835-இல் தொடங்கிய இந்தக் கம்பெனி, கொழும்பு வெக்கந்த ஆலையின் பெயரும் 1843 என்ற ஆண்டும் பொறித்து டோக்கன் வெளியிட்டது. ஆண்டு, இடம், கம்பெனி மூன்றும் ஒரே முகத்தில் இருப்பதால் அடையாளம் காண்பதில் சிக்கலே இல்லை. வேறு சிலவற்றில் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். அங்கேதான் வேலை தொடங்குகிறது. லெப்டினன்ட் கர்னல் லௌஸ்லி 1895-இல் இலங்கையின் நாணயங்கள், டோக்கன்கள் பற்றி ஒரு நெடிய கட்டுரை எழுதினார். காட்ரிங்டன் 1924-இல் கொழும்பு அருங்காட்சியக வெளியீடாகத் தம் பெருநூலைக் கொண்டுவந்தார். பிறகு பிரிட்மோர் பட்டியலிட்டார். இவர்களைத் தாண்டி யாரும் அந்த வில்லைகளைத் தொட முடியாது. அமெரிக்கர்களுக்கு நகரக் கையேடு போல, இலங்கைக்கு 1850-களின் இறுதியில் தொடங்கிய பெர்குசன் கையேடு. எந்தத் தோட்டம் எந்த மாவட்டத்தில், யாருக்குச் சொந்தம், யார் துரை, எத்தனை ஏக்கர் என்று ஆண்டுவாரியாகச் சொல்லும். முதலெழுத்துகளை வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களில் இறங்கினால் கம்பெனி அகப்பட்டுவிடும்.

1869-இல் காப்பி இலைகளில் துருநோய் தென்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தொழிலே விழுந்தது. தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884-இல் மூடியது. கம்பெனிகள் பல மறைந்தன, தோட்டங்கள் கைமாறித் தேயிலைக்குத் திரும்பின. வில்லைகளைத் திரும்ப வாங்கிக் காசு கொடுக்க வேண்டியவர்களே இல்லாமல் போனார்கள். இன்று சேகரிப்பாளர் கைக்கு வரும் காப்பி டோக்கன்களில் எத்தனை, யாரோ ஒருவர் செய்து முடித்தும் கூலி வராத ஒரு நாள் வேலை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான் சொல்ல வந்த மனக்குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்தப் பட்டியல்கள் எல்லாம் வில்லையை வெளியிட்டவரின் பெயரில் அடுக்கப்பட்டவை. துரை யார், கம்பெனி எது, அச்சு எத்தனை வகை, உலோகம் என்ன, எவ்வளவு அரிது என்று சொல்கின்றன. வில்லையைக் கைநீட்டி வாங்கியவரைப் பற்றி ஒரு பத்தி இல்லை. அவர் வாங்கிய முறைக்கு அவருடைய மொழியில் சொற்கள் இருந்தன. மலையகத் தமிழில் ஒரு நாள் வேலை என்பது ஒரு 'பேர்'. வேலை குறைந்தால் 'அரைப் பேர்'தான் விழும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் 'பிரட்டுக்களம்'. கணக்கேடு 'செக்ரோல்'. ஓர் ஆளின் கடன் எவ்வளவு, அதைக் கட்டி யார் அவரை அழைத்துப் போகலாம் என்று எழுதிய சீட்டு 'துண்டு'. அது 1921 வரை சட்டப்படி நடந்தது. தோட்டங்களுக்கும் துரை வைத்த ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்று, ஆட்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று என இரண்டு உண்டு. ஒரு காப்பி வில்லையைப் பட்டியலில் ஏற்றும்போது ஆங்கிலப் பெயரோடு நின்றுவிட்டால், அதைக் கொடுத்தவர் முகவரி கிடைக்கும், வாங்கியவர் முகவரி கிடைக்காது. இரண்டு பெயரையும் சேர்த்து எழுதும் பட்டியலைத் தமிழறிந்தவர்தான் செய்ய முடியும். அந்தப் பொறுப்பை நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

காப்பி போய்த் தேயிலை வந்தபின் இன்னொரு வில்லை வந்தது. அது கூலிக்கானதன்று, ஆளுக்கானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு 'தகர டிக்கெட்' முறையைக் கொண்டுவந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அடித்த சிறு தகர வில்லைகளைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு எடுத்து வருவார். புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டால் போதும், கப்பலிலும் ரயிலிலும் முகாமிலும் யாரும் பெயர் கேட்க வேண்டியதில்லை. தகரத்தைப் பார்த்து ஆளை அனுப்புவார்கள், செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவார்கள். 1904-இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விடப்பட்டது. மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். இந்த முழு ஏற்பாட்டையும் ஒரு துண்டுத் தகரம் கோத்து நிறுத்தியிருந்தது.

அமெரிக்க வில்லைகளில் இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டியது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து அடிமை வில்லை. அந்நகரில் அடிமைகளை வெளி வேலைக்கு வாடகைக்கு விடும் எஜமானர் நகராட்சிக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி ஒரு செம்பு வில்லை வாங்க வேண்டும். 1800 முதல் 1865 வரையான வில்லைகள் கிடைக்கின்றன. நகரின் பெயர், ஆண்டு, எண், தொழில் என்பன அதில் இருக்கும். வேலையாள், சுமைதூக்கி, மீன்பிடிப்பவர், பழம் விற்பவர், கைத்தொழிலாளி எனத் தொழில்வாரியாகக் கட்டணம் மாறும். பெயர் மட்டும் இருக்காது. அடிமைமுறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. அவற்றைச் சமப்படுத்திப் பேசுவது இரு தரப்பினருக்கும் செய்யும் அநீதி. ஆனால் எண் எழுதிய உலோகத்தை ஆள்மேல் கட்டி, பெயர் கேட்கும் தேவையை ஒழித்த அந்த அலுவலக மூளை இரண்டிலும் ஒன்றே. சார்ல்ஸ்டன் வில்லைகளுக்குத் தனி ஆய்வு நூலே வந்துவிட்டது. பழைய வீட்டுப் புழக்கடைகளில் அகழும்போது கிடைத்த வில்லையை எந்த மண்ணடுக்கில், எந்த வீட்டில் என்று பதிவு செய்கிறார்கள். அதனால் பெயரில்லாத அந்த ஆள் எந்த வீட்டு வாசலில் நடமாடினார் என்றாவது தெரிகிறது. தகர டிக்கெட்டை நான் பார்த்த எந்தத் தனியார் தொகுப்பிலும் கண்டதில்லை. தகரம் துருவேறும். விற்றால் காசும் வராது. எடுத்து வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

தமிழில் 'வில்லை' என்ற சொல்லுக்கே இந்தப் பொருள் உண்டு. கச்சேரிகளிலும் கலெக்டர் அலுவலகங்களிலும் குறுக்குப்பட்டையில் பித்தளைத் தகடு அணிந்து நின்றவர் வில்லைச் சேவகர். ரயில் நிலையச் சுமைதூக்குநரின் கையில் கட்டிய எண் தகடும் அந்த வரிசைதான். சேகரிப்பாளர்கள் இதைப் பழம்பொருள் என்று வாங்கும் இன்றைய நாளில், அதை அணிந்து சுமை தூக்குபவர் நம் கண்முன் நடக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

போலிகளைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறையில் ஓர் அடி வைக்க முடியாது. சார்ல்ஸ்டன் வில்லைகளுக்கு விலை ஏறியதும் போலிகள் குவிந்தன. நம் ஊரில் நடப்பது அதைவிடக் கொடியது. என்னிடம் மாதத்துக்கு ஒருவராவது ஒரு செம்பு வில்லையைக் கொண்டுவந்து காட்டுகிறார். ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் ஓர் அணா, அரை அணா என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆண்டு 1616, 1717, 1818 என்று ஏதாவது ஒன்று.

இதற்கு ஒரு மூலம் உண்டு. இராமடங்கா என்ற கோயில் வில்லைகள் நெடுங்காலமாகப் பொன்னிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் செய்யப்பட்டு, பூசை அறைகளில் வைக்கப்பட்டவை. அவை பக்திப் பொருள்கள். காசு என்று அவை சொல்லிக்கொள்ளவில்லை. சென்னையில் கம்பெனி அடித்த பகோடாக்களில் திருமால் உருவம் இருந்ததும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவே இருக்கும் மக்களின் மயக்கத்தைத்தான் போலி செய்பவர் பயன்படுத்திக்கொள்கிறார். 1616-இல் கம்பெனி இந்தியக் கரையில் காலூன்றவே திணறிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் அணா அடிக்க அதற்கு எந்த அச்சகமும் இல்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரியான கம்பெனி நாணயம் 1835-இல்தான் வந்தது. பல போலிகளில் 'யு கே எல்' என்று பொருளற்ற மூன்று எழுத்து வேறு இருக்கும்.

வீட்டில் ஒரு வில்லை இருந்துவிட்டுப் போனால் பரவாயில்லை. இவற்றை 'ரைஸ் புல்லிங்' காசு, இடி விழுந்து இரிடியம் ஏறியது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி முன்பணம் பறிக்கும் கும்பல்கள் தமிழகம் முழுக்கப் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. இரும்புத்தூள் ஏற்றிய அரிசியும் ஒரு காந்தமும் போதும் அந்த வித்தைக்கு. நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வில்லையை அடையாளம் காணத் தெரிந்திருப்பது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் அறிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்; பள்ளிகளில் ஒரு வகுப்பு இதற்கு ஒதுக்கினாலும் தகும்.

கருவிகள் எளியவை. 0.01 கிராம் காட்டும் தராசு, வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். வார்த்ததா அடித்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். வார்ப்பில் பொடிப்பொடியாகக் காற்றுக் குழிகளும், விளிம்பைச் சுற்றி அரம் தேய்த்த தடமும் இருக்கும். அடித்ததில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். அடுத்தது துளை. நடுத் துளை கோப்பதற்கு; விளிம்புத் துளை ஆணியில் மாட்டுவதற்கு. நெடுநாள் மாட்டியிருந்தால் துளை வட்டமாக இருக்காது, விளிம்புப் பக்கமாக நீண்டு தேய்ந்திருக்கும். கடைசியாக ஒரு வேண்டுகோள்: குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வில்லையின் பிறப்புச் சான்று.

நம் பகுதியில் இந்தச் சான்றுகள் டன் கணக்கில் உருகிக்கொண்டிருக்கின்றன. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது, திருவொற்றியூரில் என்ஃபீல்டு 1950-களின் நடுவில் வந்தது, எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களில் எழுந்தது. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன, மூடின. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையில் அடித்த காசைத் தேடி வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர் வருகிறார்கள், அது நியாயம். ஆனால் அந்தக் கடற்கரைக்குப் போகும் வழியில், நம் அப்பாக்களின் எண் பொறித்த வில்லைகள் பித்தளை விலைக்குப் போகின்றன. 'சிட்டிசன்' படம் வந்தபிறகு எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னாலே வரைபடத்திலிருந்து காணாமல்போன அத்திப்பட்டி என்கிறார்கள். கதையில் ஊர் போயிற்று. இங்கே ஊர் இருக்கிறது, அதில் வேலை செய்தவர்களின் பதிவுதான் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த 'சி 147' வில்லையை எடுத்துக்கொண்டு மீஞ்சூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்கியவர். வாங்கியதும் கண்ணாடியைத் தேடவில்லை. கட்டைவிரலால் எழுத்தைத் தடவினார்.

"இது அச்சுல அடிச்சது இல்ல தம்பி. பஞ்ச் வெச்சி ஒவ்வொண்ணா சுத்தியால தட்டுனது. ஏழு சாஞ்சிருக்குது பாரு."

"என்ன டோக்கன் ஐயா இது? கேன்டீனா?"

"கேன்டீனுக்கு எதுக்கு ஓட்டை? இது டூல் ரூம் டோக்கன். மைக்ரோமீட்டர் வேணுமா, ட்ரில் வேணுமா, உன் டோக்கன ஒண்ணு குடுக்கணும். டூல் இருந்த எடத்துல ஆணியில அத்த மாட்டிடுவான். திருப்பிக் குடுத்தா டோக்கன் கைக்கு வரும். தொலைச்சேன்னு வெச்சிக்க, சம்பளத்துல புடிப்பான்."

துளையைத் திருப்பிக் காட்டினார். விளிம்புப் பக்கமாக அது நீண்டிருந்தது. நான் பார்த்தும் கவனிக்காமல் விட்ட தேய்மானம். ஒரு கேள்வி கேட்டேன்: 147 என்று ஒன்றுதானே இருக்கும்? அவர் தலையசைத்தார். ஆளுக்கு எட்டு, பத்து கொடுப்பார்கள், எல்லாவற்றிலும் ஒரே எண். ஒரே நேரத்தில் எத்தனை கருவி எடுக்க வேண்டி வரும்! வேலையை விட்டுப் போகும்போது அத்தனையையும் எண்ணிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். 'சி' அநேகமாக ஷாப்பின் எழுத்து; 147 ஆள். ஒரே வில்லை என்று நான் அரிதாக நினைத்தது ஒரு கொத்தின் ஒற்றை மிச்சம். மற்றவை எந்த உலையில் போயினவோ.

வீட்டுக்கு வந்து காகித உறையில் போட்டு எழுதினேன். பித்தளை, கையால் பஞ்ச் அடித்தது, விட்டம், எடை, துளையின் தேய்மானம், கிடைத்த கடை, தேதி, கருவி அறை வில்லை என்று சொன்னவரின் தொழிலும் ஊரும். கம்பெனி என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அமெரிக்கர்கள் கணக்கில் இது ஒரு மேவரிக்.

விடைபெறும்போது அந்தப் பெரியவர் ஒன்று சொல்லியிருந்தார். அவருடைய டோக்கன் 'பி 62'. முப்பத்தோரு வருஷம். கடைசி நாளில் பத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு வந்துவிட்டார். "ஒண்ண வெச்சிக்கிறேன்னு கேட்டிருக்கலாம். கேக்கத் தோணல" என்றார். இந்த உறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் உறையின் பின்பக்கத்தில் அதையும் எழுதினேன்: பி 62, ஃபிட்டர், மீஞ்சூர், 31 வருடம், பத்தும் திருப்பிக் கொடுக்கப்பட்டன.